எல்லைக்கல் தெரியாத அலைகள்

புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதை அச்சுப்பிழை என்றே எண்ணுவார்கள். ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே கைதவறிச் சிந்திய மையைப்போலச் சிறிதும் பெரிதுமாகச் சிதறிக் கிடக்கும். வெள்ளைக்காரர்கள் இரு தரப்பாக நின்று போரிட்டும் உடன்படிக்கை எழுதியும் கிராமம் கிராமமாகப் பங்கிட்டுக்கொண்டதன் மிச்சம் அது. அந்த மைத்துளிகளின் ஓரத்தில், நெட்டப்பாக்கம் கொம்யூனில் இருக்கிறது எங்கள் பண்டசோழநல்லூர். பிரெஞ்சுக்காரர்கள் அதிகாரத்தைக் கைமாற்றி எழுபது ஆண்டுகள் கடந்த பின்பும் 'கொம்யூன்' என்ற சொல்லை மட்டும் நாங்கள் விடவில்லை. 1954இல் இணைப்புப் போராட்டம் உச்சத்திலிருந்தபோது தற்காலிக அரசு அமைக்கப்பட்ட ஊர் நெட்டப்பாக்கம். அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நாடு ஒன்றாயிற்று. வரப்புகள் அப்படியே இருந்துவிட்டன.

எல்லை எங்கே என்று எங்களைக் கேட்டால் எல்லைக்கல்லைக் காட்டமாட்டோம். சாராயக்கடை தொடங்குமிடத்தைக் காட்டுவோம். பெட்ரோல் விலை மாறும் பங்க்கைக் காட்டுவோம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்தப் பக்கம். குலதெய்வம் சிலருக்கு அந்தப் பக்கம். மாடு மேய்வதற்கு இரண்டு பக்கமும். குடும்ப அட்டை மட்டும் இந்தப் பக்கம். இதையெல்லாம் தலைமுறைகளாகப் பழகிவிட்டோம். யாருக்கும் இது துன்பமாகத் தோன்றியதில்லை. துன்பம் ஓரிடத்தில் மட்டும் இருந்தது. உயிர் போகிற அவசரத்தில் கையிலிருக்கும் செல்பேசியை எடுத்து மூன்று எண்களை அழுத்தும்போது, அந்த அழைப்பு எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பது எங்களுக்குத் தெரியாது. செல்பேசிக்கும் அது தெரியாது என்பதைப் பின்னால் விசாரித்துத்தான் அறிந்துகொண்டோம்.

கம்பித் தொலைபேசிக் காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கம்பி என்பது ஒரு முகவரி. எங்கள் தெருவின் கம்பி தொலைபேசி நிலையத்துக்குப் போகும். 100 என்று சுழற்றினால் அந்த நிலையம் எந்தக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டுமென்பது ஒருமுறை முடிவுசெய்யப்பட்ட விஷயம். அங்கும் வேடிக்கைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டக்குப்பமும் ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தும், புதுச்சேரியின் 0413 என்ற குறியீட்டையே வைத்துக்கொண்டிருக்கின்றன. தொலைபேசித் துறை வருவாய்த் துறையின் எல்லையை என்றைக்குமே பெரிதாக மதித்ததில்லை. ஆனால் கம்பி ஓரிடத்தில் நிலையாக இருந்ததால், ஒருமுறை தவறு நேர்ந்தால் ஒருமுறை திருத்திவிடலாம். அது திரும்பத் தவறாது.

செல்பேசிக்குக் கம்பி இல்லை. அது சும்மாக் கிடக்கும் நேரத்திலும் சுற்றியுள்ள கோபுரங்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எது உரக்கக் கேட்கிறதோ அதன் நிழலில் ஒதுங்குகிறது. ஒவ்வொரு கோபுரமும் பொதுவாக மூன்று திசைகளுக்கு மூன்று அலைவாங்கிகளை வைத்திருக்கும். ஒரு திசைக்கு ஒரு 'செல்', அதற்கென ஓர் எண். வலைப்பின்னலுக்கு நம்மைப்பற்றி முதலில் தெரிவது அந்த எண் மட்டுமே. பழைய இரண்டாம் தலைமுறை முறையில் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். நம் குரல் கோபுரத்துக்குச் சென்றுசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கோபுரம் அளந்து, ஏறத்தாழ 550 மீட்டர் அளவுள்ள படிகளாக அதைக் கணக்கிடும். 63 படிகள்வரை, அதாவது சுமார் 35 கிலோமீட்டர்வரை அந்தக் கணக்கு நீளும். நான்காம் தலைமுறையில் படியின் அளவு 80 மீட்டருக்கும் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு சொல்வது தொலைவை மட்டுமே. ஆகவே வலைப்பின்னலின் கண்ணுக்கு நாம் ஒரு புள்ளி அல்ல. பலாப்பழத்தை வெட்டினாற்போல் ஒரு வட்டத்தின் மூன்றிலொரு பங்கு, அதில் ஒரு வளைந்த கீற்று. நகரத்தில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் அந்தக் கீற்றில் நாலு தெருக்கள் அடங்கும். எங்கள் பக்கத்து வயல்வெளியில் அதற்குள் ஓர் ஏரி, இரண்டு கிராமம், ஒரு மாநில எல்லை அடங்கும்.

இதை நாங்கள் அறிந்துகொள்ள நேர்ந்தது 2016 கார்த்திகை மாதத்து இரவொன்றினால். எங்கள் பெரியப்பா மோட்டார் கொட்டகைக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போனவர், வரப்பில் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார். கூடப் போயிருந்த அண்ணன் மகன் அவருடைய செல்பேசியிலிருந்தே ஓர் அவசர எண்ணை அழைத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பேசியது ஒரு பெண், பொறுமையான குரல்.

"எந்த மாவட்டங்க?"

"பாண்டிங்க. நெட்டப்பாக்கம் பக்கம், பண்டசோழநல்லூர்."

"பாண்டியா? தாலுக்கா சொல்லுங்க."

அவன் சொன்னான். மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம். ஊர்ப்பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். மறுபடி தட்டும் சத்தம். "உங்க கால் எங்களுக்குத்தான் வருது தம்பி, ஆனா அந்த ஊர் எங்க பட்டியல்ல இல்ல. லைன்லயே இருங்க, மாத்தித் தர்றேன்." மாற்றித் தரும்வரை அவன் இருளில் காத்திருந்தான். பிறகு வேறொரு குரல் வந்து, மாவட்டத்திலிருந்து மறுபடி தொடங்கியது.

அது எந்த அறை என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் மீது எங்களுக்கு வருத்தமும் இல்லை. தம் திரையில் இல்லாத ஊரை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? இரண்டாவது குரல் ஊரைப் புரிந்துகொள்வதற்குள் தெருவிலிருந்து இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, பெரியப்பாவை நடுவில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் விரியன் நஞ்சு இரத்தத்தைக் கெடுப்பதோடு சிறுநீரகத்தையும் தேடிப்போகும். மூன்று வாரம் டயாலிசிஸ் செய்த பிறகே அவருக்குச் சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்தது. நச்சுமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தப் பேச்சில் கழிந்த நிமிடங்களை எங்கள் குடும்பத்தில் இன்னும் ஆளுக்கொரு கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பின்னர் ஒருநாள் பகலில் எங்களில் இருவர், இணைந்திருக்கும் செல்லின் எண்ணைத் திரையில் காட்டும் ஒரு செயலியோடு அந்த வயலை நெடுக நடந்து பார்த்தோம். ஒரு காணிக்குச் சற்று அதிகமான நிலம். வடக்கு வரப்பில் ஓர் எண். தென்மேற்கு மூலையில் வேறோர் எண், எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தினுடையது. இன்னொன்றையும் கவனித்தோம். தெற்கிலிருந்து வடக்கே நடந்து வந்தால் எண் உடனே மாறவில்லை. கொட்டகையைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகே மாறியது. வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் மாற்றம் வேறோர் இடத்தில் நிகழ்ந்தது. இது செல்பேசியின் கோளாறு அல்ல. இரண்டு கோபுரங்கள் ஏறக்குறையச் சம பலத்தில் கேட்கும் இடத்தில் மாறி மாறித் தாவிக்கொண்டே இருந்தால் பேட்டரி தீர்ந்துபோகும், வலைப்பின்னலுக்கும் வீண் வேலை. ஆகையால் புதிய கோபுரம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலுவாகக் கேட்டால்தான் பழையதை விடவேண்டும் என்பது விதி. புகுந்த வீட்டைச் சட்டென்று விட்டுவராத பெண்ணைப்போல என்று எங்கள் அத்தை இதற்கு உவமை சொன்னார். அன்றிரவு பெரியப்பா தெற்கு மடையைத் திறந்துவிட்டு வடக்கே வந்துகொண்டிருந்தார். கால் புதுச்சேரி மண்ணில் இருந்தது. சட்டைப்பையிலிருந்த செல்பேசி தமிழ்நாட்டை இன்னும் விடவில்லை.

அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவேண்டும் என்பதைச் செல்பேசி தீர்மானிப்பதில்லை. நிறுவனத்தின் இணைப்பகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தச் செல்லிலிருந்து இந்த அவசர எண் வந்தால், இந்த அறைக்கு அனுப்பு. அவ்வளவுதான் அதன் அறிவு. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக நிரப்பிய பட்டியல் அது. கோபுரம் எந்த மாவட்டத்தில் நடப்பட்டிருக்கிறதோ அந்த மாவட்டத்தின் பெயரில் அந்த வரி எழுதப்படுவது இயல்பு. கோபுரத்தின் அலை எந்த மாவட்டத்து வயலில் போய் விழுகிறது என்று எழுதப்படுவதில்லை. மற்ற மாநில எல்லைகளில் தொலைத்தொடர்பு வட்டமே மாறிவிடும். கேரளத்துக்குள் நுழைந்தால் வரவேற்புக் குறுஞ்செய்தி வரும், ஆளுக்கும் எல்லையைக் கடந்தது தெரியும். எங்களுக்கு அதுவும் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தொலைத்தொடர்பு கணக்கில் தமிழ்நாட்டு வட்டத்தைச் சேர்ந்தவை. மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஒரே அரசு, மூன்று வட்டம். அரசியல் சட்டம் வரைந்த கோடும் அலைக்கற்றை உரிமம் வரைந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை என்பதை ஆவண அறைகளில் யாரும் கவலையோடு பார்ப்பதாகத் தெரியவில்லை.

விசாரிக்கப் போன இடத்தில் எங்களுக்குப் பெரும் வியப்பளித்தது வேறொன்று. எல்லா அவசர எண்களும் செல்பேசிக்கு அவசர எண்கள் அல்ல. நாம் எண்களை அழுத்திப் பச்சைப் பொத்தானைத் தொட்டதும், கருவி அந்த எண்ணைச் சில பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 112, 911 ஆகிய இரண்டும் ஜி.எஸ்.எம். வழிவந்த எல்லாக் கருவிகளுக்கும் பிறப்பிலேயே தெரிந்தவை. சிம் அட்டையில் எழுதப்பட்ட பட்டியல் ஒன்று உண்டு. வலைப்பின்னலில் பதிவு செய்யும்போது அது அனுப்பிவைக்கும் பட்டியலும் இருக்கலாம். இவற்றில் ஒன்றில் எண் அகப்பட்டால், கருவியின் நடத்தையே மாறிவிடுகிறது. அகப்படாவிட்டால், 108 ஆனாலும் 100 ஆனாலும், அது மாமன் வீட்டுக்குப் பேசுகிற அழைப்பைப் போன்றதொரு சாதாரண அழைப்பு. இணைப்பகம் போன பிறகே அது சிறப்பு எண் என்று தெரியவரும். அதுவரை அதற்கு முன்னுரிமை ஏதும் இல்லை. சொந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டாத இடமென்றால் அந்த அழைப்பு புறப்படுவதே இல்லை.

அவசரம் என்று அடையாளம் காணப்பட்ட அழைப்போ வேறு சாதி. கோபுரத்திடம் பேச இடம் கேட்டு ஜி.எஸ்.எம். கருவி அனுப்பும் முதல் செய்தி எட்டே பிட் நீளம். அதன் முதல் மூன்று பிட்டுகள் 1-0-1 என்றிருந்தால் அவசரம் என்று பொருள். நம் நாட்டில் தீயணைப்புக்கான எண்ணும் 101 என்பது தற்செயலே. ஆனாலும் நினைக்க நன்றாயிருக்கிறது. அடுத்து அனுப்பும் செய்தியில் நாம் அழுத்திய எண் இருப்பதில்லை. "இது அவசரம்" என்பது மட்டும் போகிறது. வேண்டுமானால் எவ்வகை அவசரம் என்பதற்கு ஐந்து குறிகள்: காவல், மருத்துவ வண்டி, தீயணைப்பு, கடற்காவல், மலைமீட்பு. ஐரோப்பியர்கள் தங்கள் தேவைக்கு வகுத்த தரம். மலையும் கடலும் இல்லாத எங்கள் கொம்யூனுக்கு ஐந்தில் இரண்டு வீண். நான்காம் தலைமுறையில் பாதை மாறினாலும் பண்பு மாறவில்லை. அழைப்பு எந்த எண்ணுக்கும் செல்வதில்லை. கப்பல்காரர்களின் பழைய 'எஸ்.ஓ.எஸ்.' என்ற மூன்றெழுத்தையே முகவரியாகத் தாங்கி, அதற்கென ஒதுக்கிய தனிவழியில் போகிறது. கம்பியில்லாத் தந்தியின் தொடக்ககாலத்துக் கூக்குரல் பெரியவரின் சட்டைப்பையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எங்களுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

திரையில் சிலநேரம் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தோன்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். சிக்னல் இல்லை என்றே அதற்குப் பொருள்கொண்டு பையில் போட்டுவிடுவோம். உண்மையில் அது நேர்மாறான செய்தி. உன் நிறுவனத்தின் கோபுரம் இங்கில்லை, ஆனால் அடுத்தவனுடைய கோபுரம் ஒன்று கேட்கிறது, உயிருக்கு ஆபத்தென்றால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது கருவி. அந்த நிலையில் 112 புறப்படும். பட்டியலில் இல்லாத எண் புறப்படாது. இதைச் சொல்லித்தர எந்தப் பள்ளிப் பாடத்திலும் இடமில்லை. செல்பேசி வாங்கும்போது கடைக்காரர் அழைப்பு மணியாக என்ன பாட்டு வைக்கலாம் என்பதைச் சொல்லித்தருகிறார். சிம் அட்டையே இல்லாத கருவியிலிருந்து அவசர அழைப்பை ஏற்பதா என்பது மட்டும் நாட்டுக்கு நாடு வேறுபடும். தொழில்நுட்பம் அதற்கும் இடம்கொடுக்கிறது. ஆனால் விளையாட்டு அழைப்புகளின் தொல்லை தாளாமல் ஜெர்மனி 2009இல் அதை நிறுத்திவிட்டது. பிரிட்டனிலும் அதற்கு அனுமதியில்லை.

நெரிசல் நேரத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சிம் அட்டைக்கும் 0 முதல் 9 வரையுள்ள ஒரு வகுப்பு எண், உடையவருக்குத் தெரியாமலே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 11 முதல் 15 வரை காவல், பொதுப்பணி, மீட்புப்பணி போன்றோருக்கு. வெள்ளம், புயல் என்று எல்லோரும் ஒரேநேரத்தில் அழைத்துக் கோபுரம் திணறும்போது, சில வகுப்புகளைச் சற்றுநேரம் காத்திருக்கச் சொல்லிக் கோபுரம் அறிவிக்கலாம். நடுவில் விடுபட்ட 10 எந்த மனிதருக்கும் தரப்படவில்லை. அது அவசர அழைப்புக்கென்றே வைத்த இருக்கை. கோபுரம் அதை மூடாதவரை, மற்ற எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தாலும் 112க்கு ஒரு திட்டிவாசல் திறந்திருக்கும்.

ஆனால் கோபுரமே உயிரோடில்லை என்றால் இந்த இருக்கைகளால் என்ன பயன்? 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயலின்போது நாங்கள் அதைப் பார்த்தோம். மின்சாரம் போனபின் கோபுரங்கள் பேட்டரியிலும் பிறகு டீசல் மின்னாக்கியிலும் சற்றுநேரம் தாக்குப்பிடித்தன. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதால் டீசல் வரவில்லை. ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த நாட்களில் செய்தி சைக்கிளில்தான் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, பின்னாலேயே தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தபோது, எங்கள் வீட்டில் முதலில் தேடியது மெழுகுவர்த்தியை அல்ல. செல்பேசிக்கு மின்னேற்ற ஒரு பேட்டரிப் பெட்டியை.

செத்த கோபுரம்கூட ஒருவகையில் நேர்மையானது. அது பேசாமலிருந்தால் செல்பேசி வேறொன்றைத் தேடிப்போகும். காற்றில் உயிரோடிருந்து உள்ளே செத்துவிட்ட வலைப்பின்னலே ஆபத்தானது. 2025 செப்டம்பர் 18 அன்று ஆஸ்திரேலியாவில் ஆப்டஸ் நிறுவனம் ஒரு ஃபயர்வாலை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்தபோது, அந்நாட்டின் அவசர எண்ணான 000க்குச் சென்ற நூற்றுக்கணக்கான அழைப்புகள் பல மணிநேரம் இணையாமல் போயின. சாதாரண அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன. திரையில் சிக்னல் முழுமையாக இருந்தது. ஆகவே தவறு நடக்கிறது என்பதை நிறுவனமே உடனடியாக அறியவில்லை. மரணங்கள் அதனோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டன. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. இவ்வளவு வசதியுள்ள நாட்டில், தெளிவான முகவரிகளும் ஒரேயொரு எண்ணும் உள்ள நாட்டில் இது நடந்தது. அதைப் படித்தபோது எங்கள் வயலின் தென்மேற்கு மூலை அவ்வளவு தனிமையானதாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் ஒற்றை எண்ணுக்கான ஏற்பாடு துயரத்திலிருந்து பிறந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின்னரே அதற்கு வேகம் வந்தது. 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 112ஐப் பரிந்துரைத்தது. 2016இன் விதிகளின்படி, 2017 ஜனவரி 1 முதல் விற்கப்படும் செல்பேசிகளில் அவசரப் பொத்தான் வேண்டும் என்றானது. சாதாரணக் கருவியில் 5 அல்லது 9ஐ நீண்டநேரம் அழுத்தினால் போதும். 2018 நவம்பரில் இமாசலப் பிரதேசம் 112ஐ முதலில் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரேநாளில் அதில் சேர்ந்தன. ஒரேநாளில் சேர்ந்தாலும் அறைகள் இரண்டு. 108 வண்டிகளின் நிர்வாகமும் தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஒன்று, இங்கு வேறொன்று. அந்தப் பட்டியலின் வரி சரியாயிருந்தால் ஒன்றுமில்லை. இல்லையென்றால் பழைய கதைதான், புதிய எண்ணோடு.

செல்லின் எண்ணை நம்பாமல் கருவியையே கேட்டுவிடலாம் என்ற எண்ணம் பிரிட்டனில் 2014இல் நடைமுறைக்கு வந்தது. அவசர எண்ணை அழைத்ததும் செல்பேசி தானாகவே தன் செயற்கைக்கோள் இருப்பிடத்தைக் கண்டு, நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும். ஆண்ட்ராய்டு கருவிகளில் 2016இலும் ஐபோனில் 2018இலும் அந்த வசதி சேர்ந்தது. ஆனால் வாங்கிக்கொள்ள மறுமுனையில் அறை ஆயத்தமாக இருக்கவேண்டும். இந்தியாவில் முதல் மாநிலமாக உத்தரப் பிரதேசம் 2025 டிசம்பரில் ஆயத்தமானது. கொட்டகைக்குப் போகிற எங்கள் பெரியப்பாவோ இன்றும் பொத்தான் வைத்த பழைய செல்பேசியையே எடுத்துப்போகிறார். தொடுதிரை ஈரக்கைக்கு ஆகாது என்பது அவர் வாதம். அதில் செயற்கைக்கோள் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று உலகுக்குச் சொல்ல அதனிடம் இருப்பது செல்லின் எண் மட்டும்.

மிஞ்சுவது ஊர்ப்பெயர். அதிலும் ஒரு சிக்கல். சோழனைப் பெயரில் சுமக்கும் எங்கள் ஊரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவர் 'இசட்-எச்' என்று எழுதுவார், இன்னொருவர் வெறும் 'எல்' என்பார், இடையில் வரும் சகரத்தை 'எஸ்' என்றும் 'சி-எச்' என்றும் எழுதுவோர் உண்டு. நில ஆவணத்தில் ஒன்று, பேருந்துப் பலகையில் ஒன்று. தேடும் பெட்டியில் ஓர் எழுத்து மாறினால் ஊர் காணாமல் போகும். ஆயிரம் ஆண்டுகள் கல்லில் தேயாமல் நிற்கக்கூடிய எழுத்து, கணினித் திரையில் மூன்று நொடிக்குள் தொலைந்துவிடுகிறது.

சென்ற தை மாதம் தெருவிலுள்ளவர்கள் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். வயல்வெளியிலுள்ள மோட்டார் கொட்டகைகள் ஒவ்வொன்றின் சுவரிலும் நீலப் பெயிண்டில் எழுதினோம். மேலே 112. அதன்கீழ் 'புதுச்சேரி மாநிலம், நெட்டப்பாக்கம் கொம்யூன், பண்டசோழநல்லூர்'. அதன்கீழ் அந்த ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில், அரசு ஆவணத்திலுள்ள எழுத்துக்கூட்டல்படி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட வசதியாக இடைவெளி விட்டு. கடைசி வரியில் கொட்டகைக்குத் தார்ச்சாலையிலிருந்து வரும் வழி. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சம்பந்தி வீட்டார் தங்கள் கொட்டகைக்கும் எழுதித்தரச் சொன்னார்கள். அங்கே முதல் வரி ஒன்றுதான். இரண்டாவது வரியில் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதினோம். பெரியப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், இருட்டில் இதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். மறுவாரம் சுவருக்கு மேலே ஒரு குண்டு பல்பு மாட்டினோம்.